பாலம் வரட்டும், சுவரும் இருக்கட்டும்!

மேம்பாலம், சுரங்கப்பாதை, மெட்ரோ ரயில் எல்லாம் நமக்கு வேண்டியதுதான். ரயில்வே கேட்டில் ஆம்புலன்ஸ் அலறிக்கொண்டு நிற்பதைப் பார்த்த எந்தத் தாயும் பாலம் வேண்டாம் என்று சொல்ல மாட்டாள். நானும் சொல்லவில்லை. ஆனால் இந்த வேலைக்கு இடம் தேடும்போது, பிள்ளைகள் விளையாடுகிற இடம்தான் முதலில் கண்ணில் பட வேண்டுமா? பூங்கா, மைதானம், பயிற்சிச் சுவர் இதெல்லாம் 'சும்மா கிடக்கிற இடம்' என்று யார் சொன்னது?

பயிற்சிச் சுவர் என்றால் என்ன என்று சிலர் கேட்கலாம். மலை ஏறப் பழகுவதற்காகக் கட்டுகிற சுவர் அது. கையால் பிடிக்கவும் கால் வைக்கவும் சின்னச் சின்னக் கட்டைகளைத் திருகி வைத்திருப்பார்கள். உயரமான சுவர் என்றால் இடுப்பில் பட்டை, கயிறு எல்லாம் உண்டு. கீழே ஒருத்தர் கயிற்றைப் பிடித்துக்கொண்டே இருப்பார். தாழ்வான சுவருக்குக் கீழே தடிமனான மெத்தை போட்டிருப்பார்கள். பெங்களூரு கண்டீரவா ஸ்டேடியத்தில் இப்படி ஒரு சுவர் உண்டு.

'பொம்பளைப் பிள்ளைக்கு எதுக்கு சுவர் ஏறுற வேலை?' என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்பார்கள். 2021-ல் டோக்கியோவில் நடந்த ஒலிம்பிக்கில்தான் இந்தச் சுவர் ஏறும் போட்டியை முதன்முதலாகச் சேர்த்தார்கள். 2024-ல் பாரிஸில் போலந்து நாட்டுப் பெண் அலெக்சாண்ட்ரா மிரோஸ்லாவ், 15 மீட்டர் சுவரை 6.10 விநாடியில் ஏறித் தங்கம் வாங்கினார். கிட்டத்தட்ட ஐந்து மாடி உயரம்! நாம் வாசற்படி ஏறி செருப்பைக் கழற்றுவதற்குள் அவர் உச்சிக்குப் போய்விட்டார்.

அவ்வளவு தூரம் ஏன்? விருதுநகர் மாவட்டத்தில் பிறந்த முத்தமிழ்ச்செல்வி, 2023 மே மாதம் எவரெஸ்ட் உச்சியைத் தொட்டாரே! தமிழ்நாட்டிலிருந்து அந்தச் சிகரம் ஏறிய முதல் பெண் அவர்தான். அதற்கு முன்னால் நம் காஞ்சிபுரம் மாவட்டத்து மலைப்பட்டில் கண்ணைக் கட்டிக்கொண்டு 155 அடி உயரத்திலிருந்து கயிற்றில் இறங்கிக் காட்டியவர். குடும்பம், குழந்தைகள் என்று இருக்கிற ஒரு பெண் இதைச் செய்ய முடிந்தது என்றால், பத்து வயசிலேயே பழக இடம் கிடைக்கிற பெண் எவ்வளவு தூரம் போவாள்?

அந்த இடம் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பதுதான் முக்கியம். ஆண் பிள்ளை என்றால் சைக்கிளை எடுத்துக்கொண்டு அடுத்த ஊர் மைதானத்துக்குப் போய்விடுவான். பெண் பிள்ளையை அப்படி அனுப்புவோமா? பள்ளிக்கூடம் விட்டு வந்து, இருட்டுவதற்குள் வீடு திரும்புகிற தூரத்தில் இருந்தால் அனுப்புவோம். அதையே இரண்டு பஸ் மாறிப் போகிற தூரத்துக்கு மாற்றினால், 'சரி, போதும்மா, படிக்கிற வேலையைப் பாரு' என்று நிறுத்திவிடுவோம். ஆக, ஒரு பயிற்சி இடம் போனால் அதை முதலில் இழப்பது பெண் பிள்ளைதான். இது எந்த என்ஜினீயரின் கணக்கிலும் வருவதில்லை.

'தற்காலிகமாகத்தான் எடுக்கிறோம், வேலை முடிந்ததும் திருப்பித் தருவோம்' என்பார்கள். சென்னை ஷெனாய் நகர் திரு.வி.க. பூங்காவின் கதையைப் பாருங்கள். மெட்ரோ ரயில் வேலைக்காக 2011-ல் அதை மூடினார்கள். பூங்காவுக்கு அடியில்தான் ரயில் நிலையம். 2017 மே மாதம் ரயில் ஓட ஆரம்பித்துவிட்டது. சந்தோஷம். ஆனால் மேலே பூங்கா மறுபடி திறக்க இன்னும் ஐந்து வருஷத்துக்கு மேல் ஆனது. மூடும்போது எட்டு வயசில் அங்கே ஓடி விளையாடிய பெண், திறக்கும்போது கல்லூரிப் படிப்பையே முடிக்கிற வயசுக்கு வந்திருப்பாள். அவளுக்கு அந்தப் பூங்காவைத் திருப்பித் தந்ததாகச் சொல்ல முடியுமா?

எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். காஞ்சிபுரத்தில் நெசவாளர் தெருக்களில் விடியற்காலையில் பாவு நீட்டுவார்கள். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பட்டு நூலை இழுத்துக் கட்டி, கஞ்சி பூசி, இழை இழையாகப் பிரித்துச் சரிபார்ப்பார்கள். வெயில் ஏறுவதற்குள் சுருட்டிக்கொண்டு போய்விடுவார்கள். பத்து மணிக்கு வந்து பார்க்கிறவருக்கு அது வெறும் தெரு. அங்கேதான் ஒரு கல்யாணப் புடவை உருவாக ஆரம்பித்தது என்று அவருக்கு எப்படித் தெரியும்? பயிற்சிச் சுவரும் அப்படித்தான். ஆபீஸர் மதியம் ஜீப்பில் வந்து பார்த்தால் ஆளில்லாத சுவர். சாயங்காலம் நாலரை மணிக்கு வந்து பார்க்கட்டும்!

பாலமும் பயிற்சி இடமும் எதிரிகள் இல்லை. நியூயார்க் நகரத்தில் மன்ஹாட்டன் பாலத்துக்குக் கீழேயே 2015-ல் ஏறும் சுவர் அமைத்தார்கள். நவி மும்பையில் சான்பாடா மேம்பாலத்துக்குக் கீழே கூடைப்பந்து, பாட்மிண்டன் ஆட இடம் செய்திருக்கிறார்கள். நம் ஊர் மேம்பாலங்களுக்குக் கீழே என்ன இருக்கிறது? குப்பை, பழுதான வண்டிகள், போஸ்டர்கள். மழைக்கும் வெயிலுக்கும் கூரை தானாகவே கிடைக்கிற இடம், இப்படி வீணாகிறது.

அதற்காக, இருக்கிற இடத்தைப் பிடுங்கிக்கொண்டு 'பாலத்துக்கடியில் போ' என்று தள்ளவும் கூடாது. லண்டனில் தேம்ஸ் நதிக்கரையில், சக்கரப் பலகையில் பழகுகிற பிள்ளைகளை அவர்கள் பழகிய இடத்திலிருந்து எழுப்பி, பக்கத்துப் பாலத்தின் கீழே மாற்றப் பார்த்தார்கள். பிள்ளைகள் விடவில்லை. ஊர் மக்களிடம் ஆதரவு திரட்டினார்கள். 2014-ல் பழைய இடமே அவர்களுக்கு நிலைத்தது. யார் பயன்படுத்துகிறார்களோ அவர்களைக் கேட்டு முடிவு செய்ய வேண்டும் என்பதுதான் இதில் பாடம்.

நான் கேட்பது மூன்றே மூன்றுதான். ஒன்று, பழைய இடத்தை மூடுவதற்கு முன்னால், நடந்து போகிற தூரத்தில் மாற்று இடம் தயாராக வேண்டும். இரண்டு, வேலை முடியும் தேதியைப் போல, விளையாட்டு இடம் திரும்பக் கிடைக்கும் தேதியையும் போர்டில் எழுதி வைக்க வேண்டும். மூன்று, பாலத்தின் வரைபடத்திலேயே அடிப்பகுதிக்கும் திட்டம் இருக்க வேண்டும். விளக்கு, குடிதண்ணீர், பெண்களுக்குக் கழிப்பறை, வண்டிகள் உள்ளே வராமல் தடுப்பு இவை இல்லாமல் நம் பிள்ளைகளை அனுப்ப முடியாது.

இதையெல்லாம் யாரிடம் கேட்பது என்று மலைக்க வேண்டாம், சகோதரிகளே. காஞ்சிபுரம் 2021-ல் மாநகராட்சி ஆகிவிட்டது. உள்ளாட்சியில் பாதி இடம் பெண்களுக்கு. உங்கள் வார்டு கவுன்சிலர் அம்மாவிடம் நாலு பேர் சேர்ந்து போய் ஒரு மனு கொடுங்கள். பிள்ளைகளின் கையெழுத்தையும் வாங்கிக்கொள்ளுங்கள். வேலை ஆரம்பித்த பிறகு புலம்பிப் பயனில்லை; வரைபடம் போடும்போதே கேட்க வேண்டும்.

பாலம் ஒரு வருஷம் தாமதமானாலும் பாலமாகவே வந்து நிற்கும். எட்டு வயசுப் பெண், அடுத்த வருஷம் எட்டு வயசாக இருக்க மாட்டாள்.

– ஒரு வாசகி, பிள்ளையார்பாளையம், காஞ்சிபுரம்