தேதி சொல்லிக் கொடுங்கள்: நேரடிப் பண உதவி குறித்து எங்கள் நிலைப்பாடு

ஏழைக் குடும்பத்தின் கையில் அரசு நேரடியாகப் பணம் கொடுக்கலாமா என்று கேட்டால், கொடுக்க வேண்டும் என்பதே எங்கள் அமைப்பின் பதில். அதை நிபந்தனை இல்லாமல், வீட்டுப் பெண்ணின் கணக்கில், முன்கூட்டிச் சொன்ன தேதியில் கொடுக்க வேண்டும். இந்த மூன்றில் கடைசியாகச் சொன்னதைத்தான் அரசுகள் மிகக் குறைவாக மதிக்கின்றன. அதனாலேயே இந்த அறிக்கை.

போர்ட் கொச்சியிலும் மட்டாஞ்சேரியிலும் உழைத்துப் பிழைக்கும் தமிழர்களுக்காக இயங்குகிறவர்கள் நாங்கள். வேளி தோபிகானாவில் தலைமுறைகளாகத் துணி வெளுக்கும் குடும்பங்கள் எங்களுக்கு அக்கம்பக்கம். தோப்பும்படி மீன்பிடித் துறைமுகத்தில் கன்னியாகுமரி மாவட்டம் தூத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்து தங்கித் தொழில் செய்யும் படகுக்காரர்களும் அப்படியே. கடற்கரையோரமாகத் தெற்கே போனால் கண்ணமாலி, செல்லானம். அந்தக் கிராமங்களில் இருப்பவர்கள் மலையாளிகள். ஆனால் அவர்களின் கடனும் எங்கள் ஆட்களின் கடனும் ஒரே மாதிரிதான்.

விசைப்படகில் பங்குக்குப் போகிற ஒருவரின் வீட்டை எடுத்துக்கொள்வோம். ஜூன் 9 நள்ளிரவிலிருந்து ஜூலை 31 வரை, 52 நாள், கேரளத்தில் இழுவலைத் தடை. படகு நகராது, பங்கும் கிடையாது. அதே ஜூனில்தான் பள்ளிக்கூடம் திறக்கும். சீருடை, நோட்டு, குடை எல்லாம் வாங்கியாக வேண்டும். மழையும் அப்போதுதான் வரும், காய்ச்சலும் அப்போதுதான், கடல் வீட்டுக்குள் ஏறுவதும் அப்போதுதான். இங்கே இதைப் பஞ்ச மாசம் என்பார்கள். வரவு நின்று செலவு கூடும் இந்த இடைவெளியில் அந்தக் குடும்பம் யாரிடமாவது கை நீட்டியே ஆக வேண்டும்.

யாரிடம் நீட்டுகிறது என்பதில்தான் மொத்த வாழ்க்கையும் இருக்கிறது. பங்குக்குப் போகிறவர் படகு முதலாளியிடம் முன்பணம் வாங்குவார். அடுத்த பருவத்தில் வேறு படகுக்கு மாற முடியாது. வள்ளம் வைத்திருப்பவர் தரகரிடம் வாங்குவார். பிடித்த மீனை அந்தத் தரகர் மூலம்தான் ஏலம் விட வேண்டும், அவர் சொல்லும் கமிஷனுக்கு. இந்தக் கட்டைத் தளர்த்தவே 2021இல் மீன் ஏலத்துக்கென்று தனிச் சட்டம் கொண்டுவர வேண்டியிருந்தது. இரண்டும் கிடைக்காதவர்கள் ‘பிளேடு’க்காரரிடம் போவார்கள். கந்துவட்டிக்காரருக்கு மலையாளிகள் வைத்த பெயர் அது. 2014இல் ‘ஆபரேஷன் குபேரா’ என்று காவல்துறை அவர்களைத் தேடித் தேடிப் பிடித்தது நினைவிருக்கலாம். கைது நடந்தது. கடன் வாங்க வேண்டிய தேவை அப்படியே இருந்தது.

மாதம் ஆயிரமோ இரண்டாயிரமோ வந்தால் யாரும் பணக்காரர் ஆகிவிடுவதில்லை. ஆனால் முன்பணத்தில் பாதியை வேண்டாம் என்று சொல்லும் தெம்பு வருகிறது. வட்டிக்காரருக்குப் போய்க்கொண்டிருந்த காசு அரிசிக்கும் மருந்துக்கும் திரும்புகிறது. மத்தியப் பிரதேசத்தில் சேவா அமைப்பு யூனிசெஃப் துணையோடு 2011 வாக்கில் நடத்திய சோதனை இதைக் காட்டியது. எட்டுக் கிராமங்களில் பெரியவர்களுக்கு மாதம் 200 ரூபாய், குழந்தைகளுக்கு 100 ரூபாய். ஓராண்டுக்குப் பின் 300, 150. எந்த நிபந்தனையும் இல்லை. கடன் குறைந்தது, பெண் குழந்தைகளின் ஊட்டம் தேறியது, கூலிக்குப் போய்க்கொண்டிருந்த சிறு விவசாயிகள் சொந்த நிலத்தில் கூடுதல் நேரம் உழைத்தார்கள்.

‘குடித்துத் தீர்த்துவிடுவார்கள்’ என்ற பேச்சுக்கு வருவோம். குடிக்கிற ஆண்கள் எங்கள் தெருக்களிலும் உண்டு, மறைக்கவில்லை. ஆனால் உலக வங்கியின் டேவிட் எவன்ஸும் அன்னா போபோவாவும் பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2014இல் வெளியிட்டபோது, உதவிப் பணத்தால் மதுவுக்கும் புகையிலைக்கும் ஆகும் செலவு கூடவில்லை என்றே கண்டார்கள். அரசு ஊழியரின் அகவிலைப்படி எங்கே போகிறது என்று யாரும் கேட்டதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவைக்கிறோம்.

இந்த விஷயத்தில் கேரளம் முன்னோடி. 1980இல் நாயனார் அரசு விவசாயத் தொழிலாளருக்கு மாதம் 45 ரூபாய் பென்ஷன் கொடுத்தது. 2021இல் நலப் பென்ஷன் 1,600 ஆகி, 2025 நவம்பரிலிருந்து 2,000 ஆனது. வங்கிக்குப் போக முடியாத முதியவர்களுக்குக் கூட்டுறவு வங்கியின் ஆட்கள் வீட்டுக்கே வந்து கொடுக்கிறார்கள். தமிழ்நாட்டின் மகளிர் உரிமைத்தொகை, 2023 செப்டம்பர் 15 அன்று காஞ்சிபுரத்தில் தொடங்கி, ஒரு கோடிக்கு மேற்பட்ட பெண்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் தருகிறது. இரண்டையும் மனதார வரவேற்கிறோம்.

ஆனால் 2023 இறுதியில் கேரளத்தில் என்ன நடந்தது? பென்ஷன் மாதக்கணக்கில் நிலுவையில் நின்றது. இடுக்கி மாவட்டம் அடிமாலியில் இரண்டு மூதாட்டிகள் சட்டியேந்தித் தெருவில் இறங்கிப் பிச்சை கேட்டுப் போராடினார்கள். வழக்கு உயர் நீதிமன்றத்துக்குப் போனபோது, நலப் பென்ஷன் உரிமையல்ல, உதவி மட்டுமே; எப்போது கொடுப்பது என்பதை அரசு முடிவு செய்யும் என்று அரசுத் தரப்பு 2024இல் எழுதிக் கொடுத்தது. நிலுவையின் கடைசித் தவணை 2025 நவம்பரில்தான், புதிய 2,000 ரூபாயோடு சேர்ந்து 3,600ஆக வந்தது. மத்திய அரசு கடன் வரம்பைச் சுருக்கியதுதான் காரணம் என்றது மாநில அரசு. அந்த வாதத்தில் நியாயம் இருக்கலாம். இருந்தாலும், ஆறு மாதப் பணத்தை ஒன்றாகக் கொடுப்பதும் மாதாமாதம் கொடுப்பதும் ஒன்றல்ல. நடுவில் வாங்கிய கடனுக்கு வட்டி ஓடிவிட்டது; அந்தப் பணம் வந்த அன்றே கைமாறிப் போகும். தேதி தவறிய உதவி வட்டிக்காரருக்குக் கொடுத்த உதவி.

ஆகவே, நலப் பென்ஷனும் மகளிர் உதவியும் சட்டத்தின் மூலம் உறுதியாக வேண்டும் என்பது எங்கள் நிலைப்பாடு. 15 நாளில் கூலி தராவிட்டால் ஈட்டுத்தொகை என்று 2005ஆம் ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டம் எழுதியது. அதே போன்ற ஒரு விதியை இங்கே எழுதத் தடையொன்றும் இல்லை.

பணம் எதற்கும் மாற்று அல்ல என்பதையும் அதே அழுத்தத்தோடு சொல்கிறோம். புதுச்சேரியில் 2015இல் ரேஷன் அரிசியை நிறுத்திவிட்டுக் கணக்கில் பணம் போட்டார்கள். கடைவிலைக்கு அது போதவில்லை என்று மக்கள் பல ஆண்டு முறையிட்டார்கள். 2024 தீபாவளியை ஒட்டிக் கடைகளை மீண்டும் திறக்க வேண்டி வந்தது. செல்லானத்திலும் ஒரு பாடம் உண்டு. கடலிலிருந்து 50 மீட்டருக்குள் குடியிருப்போர் வேறிடம் போக ‘புனர்கேகம்’ திட்டம் குடும்பத்துக்கு 10 லட்சம் தருகிறது. அந்தத் தொகைக்குத் தொழிலிடத்துக்குப் பக்கத்தில் நிலம் கிடைப்பது அரிது. செல்லானத்துக்காரர்கள் பலர் பணம் வேண்டாம், சுவர் கட்டுங்கள் என்றார்கள். 2021இல் டவ்தே புயல் ஊரைப் புரட்டிப்போட்ட பிறகு, 344 கோடி ரூபாயில் நான்குகால் கான்கிரீட் கட்டைகளை அடுக்கி, ஏழு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கடல்சுவர் எழுந்தது. அந்தச் சுவரின் வேலையை எந்த வங்கிக் கணக்கும் செய்திருக்காது.

யாருக்குக் கொடுப்பது என்பதில் எங்களுக்குத் தனிக் கவலை இருக்கிறது. 2024 நவம்பரில் கேரள அரசு ஊழியர்கள் 1,458 பேர் நலப் பென்ஷன் வாங்கியது தெரியவந்தபோது தகுதியில்லாதவர்களைச் சலித்தெடுப்பது பற்றியே எல்லோரும் பேசினார்கள். களை எடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. பயிரையும் சேர்த்துப் பிடுங்காதீர்கள். பி.எம். கிசானின் ஆண்டுக்கு 6,000 ரூபாய் நிலம் வைத்திருப்பவருக்குத்தான். குத்தகைக்கு உழுகிறவருக்கு இல்லை. எங்கள் ஆட்களின் சிக்கல் இதைவிடச் சிறியது, ஆனால் தீராதது. உரிமைத்தொகைக்குத் தமிழ்நாட்டு ரேஷன் அட்டை வேண்டும். 2025 அக்டோபரில் கேரளம் 35 முதல் 60 வயதுப் பெண்களுக்கு அறிவித்த ஆயிரம் ரூபாய்க்கு இங்குள்ள மஞ்சள் அட்டையோ இளஞ்சிவப்பு அட்டையோ வேண்டும். மட்டாஞ்சேரியில் வாடகை வீட்டில் இருந்து, ஊரில் பெயர் நீக்கப்பட்டு, இங்கே பெயர் சேராத பெண் இரண்டு பட்டியலிலும் இல்லை. ரேஷன் அரிசியை நாட்டின் எந்தக் கடையிலும் வாங்கலாம் என்று ஏற்பாடு செய்ய முடிந்தவர்களுக்கு இதையும் செய்ய முடியும். இரு மாநில அரசுகளும் உட்கார்ந்து பேச வேண்டும்.

கடல் தொழிலாளருக்கான கோரிக்கை இன்னும் எளியது. சேமிப்பு நிவாரணத் திட்டத்தில் தொழிலாளி 1,500 ரூபாய் கட்ட, மத்திய, மாநில அரசுகள் தலா 1,500 சேர்த்து 4,500 ஆகத் திருப்பித் தருகின்றன. அதில் மூன்றில் ஒரு பங்கு அவருடைய சொந்தக் காசு. தமிழ்நாட்டில் தடைக்கால நிவாரணம் 8,000 ரூபாய். அங்கே தடை 61 நாள்; அதற்கு வகுத்தால் நாளொன்றுக்கு 131 ரூபாய். 2025 மே மாதம் எம்.எஸ்.சி. எல்சா 3 கப்பல் கொச்சிக்கு அப்பால் மூழ்கி மீன் வாங்க ஆளில்லாமல் போனபோது குடும்பத்துக்குக் கிடைத்தது ஆயிரம் ரூபாயும் ஆறு கிலோ அரிசியும். தொகையை உயர்த்துங்கள் என்று கேட்பதற்கு முன்பே ஒன்று கேட்கிறோம்: தடை எந்த நாளில் தொடங்கும் என்பது ஆண்டுதோறும் அரசுக்குத் தெரியும். பணம் ஜூன் முதல் வாரத்தில், பள்ளி திறக்கிற நேரத்தில், படகு முதலாளியிடம் முன்பணம் கேட்கப் போவதற்கு முன்னால், பெண்களின் கணக்கில் ஏறியிருக்க வேண்டும்.