புல்வெளி மட்டுமே பூங்கா ஆகாது

திருப்பதி மாவட்டத்தில், புத்தூருக்கு அருகில் அமைந்த ஊர் நாராயணவனம். கல்யாண வேங்கடேசுவரர் கோயிலாலும் நெசவுத் தொழிலாலும் அறியப்பட்ட இவ்வூர், தன் பெயரிலேயே 'வனம்' என்னும் சொல்லைத் தாங்கி நிற்கிறது. வீடுகளும் கடைகளும் பெருகும் ஊர்களில் எல்லாம் வனம் விலகிப் போகிறது. பள்ளி வளாகம், கோயில் நந்தவனம், சாலையோரம், சிறு பூங்கா ஆகியவையே பசுமைக்கு எஞ்சும் இடங்கள். அவ்விடங்களை எவ்வாறு பேண வேண்டும் என்பது சிந்திக்கத் தக்கது.

பலரும் விரும்புவது ஒரே வகைப் பூங்காவைத்தான். ஒரே உயரத்தில் வெட்டிய புல், கத்தரித்த வேலிச்செடி, சிமெண்டு பதித்த நடைபாதை, பூச்சிமருந்து தெளித்த பூச்செடி ஆகியவை அங்கு இருக்கும். அது கண்ணுக்கு அழகாகத் தோன்றும். ஆயினும் அங்கே ஒரு வண்ணத்துப்பூச்சிக்கு முட்டையிட இடமில்லை. ஒரு தேனீக்குக் கூடு கட்ட மண்ணில்லை. பூச்சிகள் வாழ இயலாத பசுமையைப் பூங்கா என்று கொண்டாடுவது பொருந்தாது.

இதற்கு எருக்கஞ்செடியே தக்க சான்று. தமிழர் எருக்கு என்பதைத் தெலுங்கர் 'ஜில்லேடு' என்பர். எவரும் நீர் ஊற்றாமல் சாலையோரத்தில் வளரும் இச்செடியைக் களை என்று வெட்டுவோர் பலர். ஆனால் வெந்தய வரியன் என்னும் வண்ணத்துப்பூச்சி எருக்கின் இலையில் முட்டையிடுகிறது. முட்டையிலிருந்து வெளிவரும் புழு அவ்விலையைத் தின்று வளர்கிறது. எருக்கம்பாலில் உள்ள நச்சுப்பொருள் புழுவின் உடலில் சேர்ந்து, அது சிறகு முளைத்துப் பறக்கும்போதும் பறவைகளிடமிருந்து அதைக் காக்கிறது. எலுமிச்சை அழகி என்னும் வண்ணத்துப்பூச்சியின் புழுவோ எலுமிச்சை, கறிவேப்பிலை போன்றவற்றின் இலைகளைத் தின்னும். பூவில் தேன் உண்ணும் வண்ணத்துப்பூச்சியை விரும்புவோர், இலையைத் தின்னும் அதன் புழுவையும் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

தேனீக்களின் நிலையும் இத்தகையதே. கத்தரிப்பூவின் மகரந்தம், நுனியில் சிறு துளையுள்ள பைக்குள் அடைபட்டிருக்கும். சில வகைத் தேனீக்கள் பூவைப் பற்றிக்கொண்டு உடலை அதிரச் செய்து அம்மகரந்தத்தை உதிர்க்கின்றன. இத்தகைய தேனீக்களுள் நீலப்பட்டைத் தேனீ மண்ணைத் தோண்டிக் கூடு அமைக்கும்; மரத்தைத் துளைக்கும் கருவண்டுத் தேனீ காய்ந்த கட்டையில் குடியிருக்கும். தரை முழுவதும் சிமெண்டு பூசி, காய்ந்த கிளைகளை எல்லாம் அகற்றிவிட்டால் இவை எங்கே செல்லும்?

சித்தூர், திருப்பதிப் பகுதிகளின் பெரும் செல்வம் மாந்தோப்புகள். மாம்பூக்களில் மகரந்தச் சேர்க்கை நிகழத் தேனீக்களோடு ஈக்களும் துணைபுரிகின்றன. அருவருப்பாக எண்ணப்படும் சிறு உயிர், கிளிமூக்கு மாங்காய் காய்ப்பதற்கும் காரணமாகிறது. ஆகவே, பூச்சிகளைக் காப்பது அழகுக்காக மட்டும் செய்யும் செயலன்று. உழவரின் வருவாயும் அதில் அடங்கியுள்ளது.

பூச்சிகள் குறைவது கற்பனை அச்சமும் அன்று. செருமனி நாட்டில் 63 பாதுகாக்கப்பட்ட இடங்களில் பறக்கும் பூச்சிகளைப் பிடித்து எடைபோட்டு ஆராய்ந்தனர். 27 ஆண்டுகளில் அவற்றின் மொத்த எடை நான்கில் மூன்று பங்குக்கும் மேல் குறைந்திருந்ததாக 2017ஆம் ஆண்டில் அறிவித்தனர். அதே வேளையில், இடம் கொடுத்தால் பூச்சிகள் வரும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சான்று உண்டு. திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில், திருவரங்கத்தை அடுத்த மேலணைப் பகுதியில் 2015ஆம் ஆண்டில் வண்ணத்துப்பூச்சிப் பூங்கா திறக்கப்பட்டது. புழுக்களுக்கு உணவாகும் செடிகளும் தேன் நிறைந்த பூச்செடிகளும் அங்கே சேர்த்து வளர்க்கப்படுகின்றன. நூற்றுக்கும் மேற்பட்ட வகை வண்ணத்துப்பூச்சிகள் அங்குக் காணப்பட்டுள்ளன.

செடிகளை வளரவிட்டால் கொசு பெருகும், பாம்பு வரும் என்று பெற்றோர் அஞ்சுவர். அந்த அச்சத்தைப் புறந்தள்ளலாகாது. கொசுவின் புழுக்கள் வளர்வது தேங்கிய நீரில். எனவே நீர் தேங்காமல் பார்த்துக்கொள்வதே முதன்மையானது. குளத்தில் வாழும் தும்பியின் இளம் உயிரிகள் கொசுப் புழுக்களைத் தின்பதையும் மறத்தல் கூடாது. பாம்பைக் குறித்து அஞ்சுவோர், மாணவர் நடமாடும் இடத்தைத் தூய்மையாக வைத்து, மதிலோரத்தில் ஒரு மூலையை மட்டும் வேலியிட்டு ஒதுக்கலாம். எருக்கம்பால் கண்ணில் பட்டால் தீங்கு விளையும் என்பதால், சிறுவர் அச்செடியைக் கிள்ளாமல் தள்ளி நின்றே பார்க்க வேண்டும்.

ஒவ்வொரு பள்ளியும் தன் வளாகத்தில் அத்தகைய ஒரு மூலையை ஒதுக்குதல் வேண்டும். அங்கே தும்பையும் எருக்கும் தாமே வளரட்டும். கறிவேப்பிலையும் எலுமிச்சையும் நடப்படட்டும். பூச்சிமருந்து வேண்டா. ஒரு முழ அகலமாவது வெறும் மண் இருக்கட்டும். அங்கு வரும் உயிர்களை மாணவர்கள் ஏட்டில் குறித்துவைக்கலாம். வெளிமாநிலத்தில் வளரும் தமிழ்ப் பிள்ளைகள் ஒவ்வொன்றின் பெயரையும் இரு மொழிகளிலும் எழுதலாம். தமிழில் வண்ணத்துப்பூச்சி எனப்படுவது தெலுங்கில் 'சீதாகோகசிலுக'. இரு பெயர்களையும் அறிந்த பிள்ளை, வீட்டில் பாட்டியிடமும் பள்ளியில் தோழனிடமும் அதைப் பற்றிப் பேச இயலும். அவ்வாறு பலர் பேசத் தொடங்கினால், மதிலோரத்து எருக்கை வெட்ட வருபவரும் சற்றே நின்று, அதில் புழு இருக்கிறதா என்று பார்ப்பார்.