நெருப்புக் கேட்காத பறை!

ஆடி பிறந்தால் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தில் தெருவுக்குத் தெரு அம்மனுக்குக் கூழ் வார்ப்பார்கள். திருவேற்காட்டிலும் மாங்காட்டிலும் கூட்டம் அலை மோதும்.

கூழ் இருந்தால் போதுமா? பறை முழங்க வேண்டாமா?

இந்த நாளில் பறை அடிப்பவர்கள் சந்தித்தால் ஒரு வழக்கு எழுகிறது.

தோல் பறை நல்லதா? புதிதாக வந்த பிளாஸ்டிக் பறை நல்லதா?

பழையதும் புதியதும்

பழைய பறை வேப்ப மரத்தில் செய்தது. மூன்று துண்டுகளை வளைவாகச் செதுக்கி, இரும்புத் தகடு வைத்து இணைப்பார்கள். அந்த வட்டத்தின் மேல் மாட்டுத் தோலைப் புளியங்கொட்டைப் பசையால் ஒட்டுவார்கள். அடிப்பதற்கு முன் தீயில் காட்டுவார்கள். தோல் விறைக்கும். ஒலி கணீரென்று எழும்.

புதிய பறை இரும்பு வளையம். மேலே பிளாஸ்டிக். சுற்றிலும் திருகாணி. முறுக்கினால் வேலை முடிந்தது! இதை ‘ஃபைபர் பறை’ என்கிறார்கள். இதற்குத் தீ வேண்டாம். தீயில் காட்டினால் உருகிப் போகும்!

மழை செய்யும் வம்பு

இளைஞர்களுக்குப் புதுப் பறை பிடிக்கிறது. காரணம் மழை.

ஆடி மாதத்தில் சென்னைப் பக்கம் பகலில் வெயில் கொளுத்தும். மாலையில் திடீரென்று மழை கொட்டும். சாமி புறப்படுவதும் அந்த நேரத்தில்தான்! தோல் என்பது நுண்ணிய இழைகளால் ஆனது. ஈரத்தை உறிஞ்சினால் அந்த இழைகள் தளரும். இறுக்கம் குறையும். ஒலி ‘தொப்’பென்று விழும். பிளாஸ்டிக் ஈரத்தை உறிஞ்சாது. மழை விட்டதும் துடைத்துவிட்டு அடிக்கலாம்.

இது நமக்கு மட்டும் வந்த தொல்லை அல்ல. அமெரிக்காவில் டிரம்ஸ் வாசித்தவர்களும் கன்றுத் தோலை வைத்துக்கொண்டு இதே பாடு பட்டார்கள். 1957-ஆம் ஆண்டு ரெமோ பெல்லி என்ற டிரம்ஸ் கலைஞர் ‘மைலார்’ என்னும் பிளாஸ்டிக் தாளால் முகம் செய்து விற்கத் தொடங்கினார். பிறகு அதுவே உலகெங்கும் பரவியது.

பெரியவர்கள் கட்சி

அனுபவசாலிகள் இதை ஒப்புக்கொள்வதில்லை. பிளாஸ்டிக்கில் சத்தம் உண்டு, நாதம் இல்லை என்பது அவர்கள் கட்சி. அதிலும் நியாயம் இருக்கிறது. பிளாஸ்டிக்கின் ஒலி கூர்மையாகத் தெறிக்கும். தோல் அந்தக் கூர்மையை அடக்கி, ஒலிக்கு ஒரு கனம் கொடுக்கும்.

இன்னொரு கவலையும் உண்டு. எல்லோரும் கடையில் பிளாஸ்டிக் பறை வாங்கிவிட்டால், சட்டம் செதுக்கித் தோல் கட்டுகிறவர் என்ன ஆவார்? கேட்பார் இல்லாத தொழிலைப் பிள்ளைக்கு யார் கற்றுக் கொடுப்பார்?

தோலில் இல்லை இழிவு

பிளாஸ்டிக் வந்தால் இழிவு போகும் என்று நினைப்பவர்களும் இருக்கிறார்கள். செத்த மாட்டின் தோல் என்று சொல்லித்தானே பறை அடித்தவரை ஊருக்கு வெளியே நிறுத்தினார்கள்?

இது தவறான கணக்கு.

மிருதங்கத்தில் இருப்பது என்ன? அதுவும் தோல்தான். மாட்டுத் தோல், ஆட்டுத் தோல், எருமைத் தோல் மூன்றும் அதில் உண்டு. அது சபா மேடையில் வித்துவான் மடியில் இருக்கிறது! ஆக, இழிவு தோலில் இல்லை. பார்த்தவர் மனத்தில் இருந்தது. மனத்தில் உள்ள அழுக்கைப் பிளாஸ்டிக் போக்காது.

ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய பொருள்களில் பறையையும் ஒன்றாகச் சொன்னது தொல்காப்பியம். 2025-ஆம் ஆண்டு பறை இசைக் கலைஞர் வேலு ஆசானுக்கு மத்திய அரசு பத்மஸ்ரீ விருது அறிவித்தது. அவ்வளவு பெருமை உள்ள கருவி இது.

கூப்பிடுகிறவர் கடமை

அப்படியானால் எது நல்லது?

அதைச் சொல்ல வேண்டியவர் அடிக்கிறவர்தான். மழைக்குப் பிளாஸ்டிக், நாதத்துக்குத் தோல் என்று இரண்டையும் அவர் வைத்துக்கொள்ளலாம். அதில் குற்றம் இல்லை.

ஆனால் இன்று முடிவு அவர் கையிலா இருக்கிறது?

வந்து இறங்கியவுடன் “அடி!” என்கிறார்கள். தீ மூட்ட இடம் கேட்டால் முகம் சுளிக்கிறார்கள். அடுக்குமாடி வாசலில் வைக்கோல் கொளுத்த விடுவார்களா? நாள் முழுவதும் அடித்தவரிடம் கூலிக்குப் பேரம் பேசுகிறார்கள். இப்படி இருந்தால், தோல் பறையில் ஆசை உள்ளவரும் பிளாஸ்டிக்கைத்தான் தூக்கி வருவார். அது அவர் விரும்பிச் செய்வது அல்ல. நாம் செய்ய வைப்பது!

விழா நடத்துகிறவர்களுக்கு இது பெரிய செலவு அல்ல. தீக்கு ஒரு மூலை. கொஞ்சம் வைக்கோல். தோல் காய அரை மணி நேரம். மழைக்கு ஒதுங்க ஒரு கூரை. பேசிய கூலியைக் குறைக்காமல் கையில் கொடுப்பது. பந்தியில் மற்றவர்களோடு சமமாக ஓர் இலை.

இவற்றைக் கொடுத்துவிட்டு, பிறகு கேளுங்கள், தோலா பிளாஸ்டிக்கா என்று.

அப்போது அவர் சொல்லும் பதில்தான் உண்மையான பதில்!