உள்ளே போகும் சத்தமும் காதில் விழும் சத்தமும்





2020-ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதியில் தேசமெங்கும் ஊரடங்கு வந்தபோது, ஆராதனை நம் வீடுகளுக்குள் வந்தது. மும்பையின் ஒற்றையறை வீடுகளிலும் பாடல்களும் செய்திகளும் பதிவாகத் தொடங்கின. ஊரடங்கு நீங்கியது, அப்பழக்கம் நீங்கவில்லை. இன்று நம் வாலிபர் பலர் ஒரு மைக், ஓர் ஆடியோ இன்டர்ஃபேஸ், ஒரு கணினி ஆகியவற்றைக் கொண்டு வீட்டிலேயே பாடல்களைப் பதிவுசெய்கிறார்கள். அவர்களுக்காகவே இம்மாதம் எழுதுகிறேன். என் தவறு ஒன்றிலிருந்து தொடங்குகிறேன்.

எங்கள் சபையில் மூத்த தாயார் ஒருவர் இருந்தார். திருநெல்வேலிச் சீமையிலிருந்து இளவயதில் தாராவிக்கு வந்தவர். தம் சாட்சியைப் பேரப்பிள்ளைகளுக்காகப் பதிவுசெய்து வைக்கும்படி என்னைக் கேட்டுக்கொண்டார். ஒரு பிற்பகலில் அவர் வீட்டிலேயே கருவிகளை அமைத்தேன். மெல்லிய குரலில் பேசத் தொடங்கினார். என் ஹெட்போனில் அது சரியாகக் கேட்கவில்லை. உடனே கெயின் திருகைக் கூட்டினேன். நன்றாகக் கேட்டது, நிம்மதியடைந்தேன்.

சாட்சி 2005-ஆம் ஆண்டு ஜூலை 26-க்கு வந்தது. சாந்தாகுருஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பதிவான அந்த நாளை மும்பைவாசிகள் மறக்கமாட்டார்கள். வேலைக்குப் போன மகன் அன்றிரவு வரவில்லை. மறுநாள் இடுப்பளவு தண்ணீரில் நடந்து அவன் வாசலில் வந்து நின்றதைச் சொன்னபோது, தாயார் குரலை உயர்த்திக் கண்ணீரோடு தேவனைத் துதித்தார். நானும் கண்களை மூடி ஸ்தோத்திரம் செய்துகொண்டிருந்தேன். இன்டர்ஃபேஸில் சிவப்பு விளக்கு எரிந்ததை நான் பார்க்கவில்லை.

வீட்டிற்கு வந்து கேட்டபோது, அந்தத் துதியின் பகுதி முழுவதும் கிழிந்த துணிபோல இரைந்தது. அடுத்த மாதம் மீண்டும் பதிவுசெய்யலாம் என்று எண்ணியிருந்தேன். அதற்குள் அவர் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். அந்தப் பதிவு இன்றும் அக்குடும்பத்தாரிடம் இருக்கிறது. பேரப்பிள்ளைகள் கேட்க வேண்டிய இடம்தான் அதில் கேட்கக்கூடாததாய் இருக்கிறது.

என் தவறு யாது? இரண்டு திருகுகளை ஒன்றென்று எண்ணியதே. கெயின் என்பது, மைக்கிலிருந்து வரும் மெல்லிய மின்னலையை எவ்வளவு பெருக்கி உள்ளே எடுப்பது என்பதைத் தீர்மானிப்பது. ஹெட்போன் திருகோ, நம் காதில் எவ்வளவு விழ வேண்டும் என்பதை மாத்திரம் தீர்மானிப்பது. பதிவில் அது எதையும் மாற்றாது. நான் கூட்ட வேண்டியது ஹெட்போனை. கூட்டியதோ கெயினை.

கணினியின் மீட்டரில் 0 டெசிபல் என்பது கூரை. அதைத் தாண்டும் ஒலியலையின் உச்சி தட்டையாக வெட்டப்பட்டுவிடும். பின்பு ஒலியைக் குறைத்தாலும், வெட்டுண்டது சிறிதாகக் கேட்குமேயன்றி முழுமையாகத் திரும்பாது. ஆனால் குறைவாகப் பதிவானதைப் பின்பு கூட்டிக்கொள்ளலாம். 24 பிட் பதிவில் அதற்குத் தாராளமான இடமுண்டு. ஆகவே பேச்சோ பாட்டோ சராசரியாக மைனஸ் 18 டெசிபலை ஒட்டியும், மிக உயர்ந்த இடங்கள் மைனஸ் 12-க்கும் மைனஸ் 6-க்கும் இடையிலும் இருக்கட்டும்.

கெயினை அமைக்கும்போது பல்லவியின் மெல்லிய முதல் வரியைப் பாடச் சொல்லாதீர்கள். பாடலில் மிகவும் உரக்க வரும் இடத்தைப் பாடச் சொல்லுங்கள். அமைத்தபின் இன்னும் சற்றுக் குறைத்துவிடுங்கள். நம்முடைய ஜனங்கள் ஒத்திகையில் பாடுவதைவிட, உள்ளம் அனலாகும்போது உரக்கப் பாடுகிறவர்கள்!

குரல் சிறிதாக இருந்தால், கெயினைக் கூட்டுமுன் மைக்கை அருகே கொண்டுவாருங்கள். தூரத்தைப் பாதியாக்கினால் குரல் ஏறத்தாழ 6 டெசிபல் உயரும். மின்விசிறியின் இரைச்சலும் ரயில் சத்தமும் அப்படியே இருக்கும். கெயினைக் கூட்டினாலோ எல்லாம் சேர்ந்து உயரும். வாய்க்கும் மைக்குக்கும் ஏறக்குறைய ஒரு சாண் இடைவெளி போதும். மிக நெருங்கினால் பெரும்பாலான மைக்குகளில் அடிக்குரல் தடித்து ஒலிக்கும்.

இனி, கேட்பதைக் குறித்துச் சில வார்த்தைகள். பதிவின்போது ஸ்பீக்கரை நிறுத்திவிட்டு, காதை மூடும் ஹெட்போனை அணியுங்கள். இல்லாவிடில் ஸ்பீக்கரின் ஒலி மீண்டும் மைக்குக்குள் போகும். பாடுகிறவருக்குத் தம் குரல் காதில் மிகுதியாகக் கேட்டால் அவர் ஒடுங்கிப் பாடுவார். குறைவாகக் கேட்டால் கத்துவார். குரல் தாமதமாகத் திரும்பிக் கேட்டால் தாளம் தடுமாறும். அப்பொழுது இன்டர்ஃபேஸிலுள்ள நேரடி மானிட்டர் வசதியைப் பயன்படுத்துங்கள்.

பதிவைச் சீர்செய்யும்போது உரக்க வைத்துக் கேளாதீர்கள். உரக்க ஒலிப்பது சிறப்பாக ஒலிப்பதுபோல் நம் காதுக்குத் தோன்றும். கள்ளத்தராசைக் கர்த்தர் அருவருக்கிறார் என்று நீதிமொழிகளில் வாசிக்கிறோமல்லவா? நம் காதும் சிலவேளை கள்ளத்தராசாகிவிடுகிறது. ஆகையால் ஹெட்போன் திருகில் மிதமான ஓர் இடத்தைக் குறித்துக்கொண்டு எப்போதும் அங்கேயே வைத்துக் கேளுங்கள். அளவை மீட்டரில் பாருங்கள். பேரொலியால் கெட்ட செவித்திறன் பெரும்பாலும் திரும்புவதில்லை என்பதையும் வாலிபர் மறவாதிருப்பார்களாக.

அந்தத் தாயாரின் பதிவை நினைக்கும்போதெல்லாம் 1 சாமுவேல் முதலாம் அதிகாரம் என் நினைவுக்கு வருகிறது. அன்னாள் தேவாலயத்தில் ஜெபித்தபோது அவள் உதடுகள் அசைந்தன; சத்தம் கேட்கவில்லை. ஆசாரியனாகிய ஏலி அவளை வெறித்தவள் என்று எண்ணினான். குறை அன்னாளின் ஜெபத்தில் இல்லை. அது பரலோகத்தில் முழுமையாய்க் கேட்கப்பட்டது. குறை கேட்டவனிடத்தில் இருந்தது.

ஏலியின் இடத்தில் நானும் நின்றிருக்கிறேன். தாயாரின் குரலில் குறையில்லை. எனக்குக் கேட்காததற்கு அவர் குரலின் அளவை மாற்றினேன். வீட்டிலும் இதுவே நடக்கிறது. பன்னிரண்டு மணி நேர வேலையும் ரயில் நெரிசலும் முடித்து வருகிற நமக்கு மனைவியின் வார்த்தை கேட்பதில்லை; பிள்ளையின் தயக்கம் கேட்பதில்லை. “உரக்கச் சொல்” என்கிறோம். அவர்கள் உரத்துப் பேசும் நாளில், “ஏன் கத்துகிறாய்?” என்று கேட்கிறோம். அதற்குள் ஏதோ ஒன்று கிழிந்துபோயிருக்கும்.

பிரியமானவர்களே, கேட்கவில்லையென்றால் முதலாவது நம் காதின் திருகைத் தொடுவோம். உங்கள் வீட்டில் முதியோர் இருப்பார்களானால், அவர்களுடைய சாட்சியை இம்மாதமே பதிவுசெய்யுங்கள். கெயினைக் குறைவாய் வையுங்கள். கண்களைத் திறந்து வையுங்கள்.

கேட்கிற செவியைத் தேவன் நம் ஒவ்வொருவருக்கும் தந்தருள்வாராக. ஆமென்.