தலை எழுத்தும் கண் எழுத்தும்

மனிதனுக்குத் "தலை எழுத்து" என்று ஒன்று இருப்பதாக நம் மக்களுக்கு வெகு காலமாய்ச் சொல்லிக் கொடுக்கப்பட்டு வருகிறது. அதை எழுதினவனையும் யாரும் கண்டதில்லை; எழுத்தையும் யாரும் படித்ததில்லை. ஆனால், படிக்கக்கூடிய எழுத்து ஒன்று உண்மையிலேயே நம் உடலில் இருக்கின்றது. அதுதான் கண்ணின் பின்புறமுள்ள விழித்திரையும், அதில் ஓடும் இரத்தக் குழாய்களுமாகும். கத்தி படாமல் உடலின் உள் குழாய்களை அவ்வளவு தெளிவாய்ப் பார்க்கக்கூடிய இடம் வேறில்லை எனலாம்.

இதை எந்த ரிஷியும் ஞான திருஷ்டியால் கண்டு சொல்லவில்லை. 1851-ல் ஜெர்மானியரான ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்பவர் கண்ணுக்குள் ஒளியைச் செலுத்திப் பார்க்கும் கருவியை வெளியிட்டார். 1961-ல் அமெரிக்காவில் நவாட்னி, ஆல்விஸ் என்ற இருவர், இரத்தத்தில் சாயம் ஏற்றி, விழித்திரைக் குழாய்களில் அது ஓடுவதைப் படம் பிடித்துக் காட்டினார்கள். 1991-ல் ஒளியைக் கொண்டே விழித்திரையைப் படலம் படலமாய்ப் பார்க்கும் முறை வெளிவந்தது. இன்று அதனடியிலுள்ள கோராய்டு என்னும் இரத்தப் படலமும் படத்தில் தெரிகிறது.

அந்த எழுத்து என்ன சொல்லுகிறது? நீரிழிவு இருந்தால் நுண்குழாய்கள் புடைத்து, இரத்தப் புள்ளிகள் தெரியும். இரத்தக் கொதிப்பு முற்றினால் குழாய்கள் சுருங்கியிருக்கும். மூளைக்குள் அழுத்தம் ஏறினால் கண் நரம்பின் முனை வீங்கும்.

நமக்குத் தெரிந்த நெசவுத் தோழர் ஒருவருக்குப் பத்து வருஷமாய் நீரிழிவு. கண்ணைக் காட்டும்படி சொன்னோம். "இழை அறுந்தால் தெரிகிறது, எனக்கென்ன கேடு?" என்றார். ஒரு நாள் கண்ணுக்குள் இரத்தம் கசிந்து, பார்வை மறைந்தது. வீட்டார் வெள்ளியில் கண்மலர் வாங்கிக் கோயிலில் சாத்தினார்கள். அதைப் பார்த்துச் சிரிப்பது நமக்குச் சுலபம். ஆனால், சாத்தினவர்களுக்கும், "எனக்குத் தெரிகிறது" என்று சும்மா இருந்த நம் தோழருக்கும் என்ன வித்தியாசம்? இரு திறத்தாரும் சோதித்துப் பாராமல் நம்பியவர்கள்தானே! வாயால் சொன்னதோடு நின்று, அவரைக் கையோடு அழைத்துப் போகாத நமக்கும் இதில் பங்குண்டு.

இந்நோய் கண்ணைக் கெடுக்கத் தொடங்கும்போது வலியும் இராது, பார்வையும் குறையாது. ஆனால், படத்தில் தெரியும். அபாயமான நிலையில் ஒளியால் சுட்டுச் சிகிச்சை செய்தால், கடுமையான பார்வை இழப்புப் பாதிக்கும் மேல் குறைகிறதென்று 1976-லேயே அமெரிக்காவில் சோதனை செய்து காட்டியாகிவிட்டது. போன பார்வையை மீட்பதோ அரிது.

படம் பிடிப்பதையும் ஒரு சடங்காக்கி விடக்கூடாது. சர்க்கரையையும் கொதிப்பையும் அடக்காமல் படத்தை மட்டும் வைத்திருப்பது, ஜாதகத்தைப் பெட்டியில் வைத்திருப்பதற்குச் சமமேயாகும்.

ஆகவே, நீரிழிவுள்ள தோழர்கள் வருஷத்திற்கு ஒரு முறையாவது கண்ணின் உட்புறத்தைச் சோதித்துக்கொள்ள வேண்டும். கும்பாபிஷேகத்திற்கு வரி போடும் ஊர்கள், ஒரு வருஷப் பணத்தை இந்தப் படக் கருவிக்குக் கொடுத்துப் பார்க்கட்டும். எது கண் கொடுக்கிறதென்று அப்போது தானே தெரியும்.