கூறையை ஆர் எடுக்கிறது?

எங்கட ஊரில் பொம்பிளைக்கு உடுப்பு எடுக்கிற கதை வந்தால் எல்லாரும் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "என்ன கலர்?" ஆர் எடுக்கிறது, ஆற்றை காசில எடுக்கிறது, எடுக்கிற துணி உண்மையில என்ன துணி என்று ஒருத்தரும் கேட்கிறதில்லை. இன்ஸ்டகிராமில் வருகிற "மணப்பெண்ணுக்கு ஏற்ற இந்திய உடைகள்" வகைக் குறிப்புகளும் இதே கதைதான். இந்த நிறத்துக்கு இது, இந்த உயரத்துக்கு இது, இடுப்பு பெருத்தால் இது. பொம்பிளை ஒரு சுவர், அதுக்குப் பொருத்தமான பெயின்ற் தேடுறம் என்ற மாதிரி.

நிறத்தில இருந்தே தொடங்குவம். "பிள்ளை கொஞ்சம் கறுப்பு, மெரூன் எடுபடாது, பீச் காட்டுங்கோ." அவளை முன்னால நிக்க வைச்சுக்கொண்டே இதைச் சொல்லுவினம். 2020 இல் ஃபெயார் அன்ட் லவ்லிக்காரரே 'ஃபெயார்' என்ற சொல்லைத் தூக்கிப்போட்டு குளோ அன்ட் லவ்லி என்று பேரை மாத்திப்போட்டினம். விக்கிறவைக்கே கூச்சம் வந்த சொல், எங்கட சாறிக்கடை மேசையில இன்னும் கூச்சமில்லாமல் புழங்குது. காஞ்சிபுரத்தின்ர அரக்கும் மயில்கழுத்து நீலமும் மாம்பழ மஞ்சளும் எங்கட நிறத்து ஆக்கள் உடுத்து வந்த நிறங்கள்தான். 2017 இல் அனுஷ்கா சர்மா இத்தாலியில் வெளிர் ரோஸ் லெஹெங்காவோட கலியாணம் முடிச்ச பிறகு வெளிர் நிறம் பெரிய மோஸ்தர் ஆச்சு. அது அவவின்ர விருப்பம், வடிவாத்தான் இருந்தது. அதை எங்கட பிள்ளையின்ர தோலுக்கு மருந்துச்சீட்டு மாதிரி எழுதிக் குடுக்கிறதுதான் எனக்குப் பிடிக்கேல்ல.

அடுத்தது கூறை. மாப்பிள்ளை வீட்டார் கூறை எடுக்கிறது யாழ்ப்பாணத்து வழமை. பொம்பிளை ஒரு சாறியோட மணவறைக்கு வருவாள். தாலியும் கூறையும் தட்டில சபைக்குள்ள சுத்தி ஆசீர்வாதம் வாங்கும். பிறகு உள்ள போய்க் கூறை மாத்திக்கொண்டு வந்தால்தான் தாலி. அதாவது அந்த நாளின்ர முக்கியமான நேரத்தில அவள் உடுத்திருக்கிறது வேற வீட்டார் தெரிவு செய்த துணி. வழமையை விடுங்கோ எண்டு நான் சொல்லேல்ல. பலாலியில இருந்து சென்னைக்கு 2019 இல் விமானம் தொடங்கி, கொரோனாவால நிண்டு, 2022 டிசம்பரில திரும்பவும் பறக்கத் தொடங்கிச்சு. தி. நகர் இப்ப கொழும்பை விடக் கிட்ட எண்டு பகிடிக்குச் சொல்லுவினம். அப்ப ஏன் மாமியும் கனடா மச்சாளும் போகினம், உடுக்கிறவள் வீட்டில இருந்து வட்ஸ்அப்பில படம் பாக்கிறாள்? "பிள்ளையிட்டயும் கேட்டனாங்கள்" எண்டு சொல்லுவினம். வாங்கி பில்லும் போட்டாப் பிறகு கேட்கிறதுக்குப் பேர் கேட்கிறது இல்லை.

சரி, துணிக்கு வாறன். லட்சக்கணக்கில காசு குடுக்கிறவை அது என்னவென்று பாக்கிறதே இல்லை. காஞ்சிபுரம் பட்டுக்கு 2005-06 இல் புவிசார் குறியீடு கிடைச்சது. உடலும் கரையும் வேறவேற நிறத்தில இருக்கிற நல்ல சேலையில கரையைக் கையால கோர்த்து நெய்வினம், அதுதான் கோர்வை. அதுக்கு மூன்று நாடா வேணும், நெய்யிறவருக்குப் பக்கத்தில இருந்து உதவ இன்னொராள் வேணும், நாள்கணக்கில வேலை. அசல் சரிகை என்றால் சிவப்புப் பட்டுநூலைச் சுத்தித் தட்டையாக்கின வெள்ளிக் கம்பி, அதுக்கு மேல தங்கமுலாம். கொஞ்சம் சுரண்டினால் உள்ளுக்குச் சிவப்பு தெரியோணும். ஓரத்து நூல் ஒன்றை எரிச்சுப் பாருங்கோ: பட்டென்றால் மயிர் கருகின மணம் வரும், சாம்பல் விரலில நொருங்கும். பொலியெஸ்ரர் உருகி உருண்டையாகும்.

சில்க் மார்க் முத்திரையைக் காட்டினவுடன எங்கட ஆக்கள் கும்பிடாத குறை. அது துணி அசல் பட்டு என்று மட்டும்தான் சொல்லும். கையால நெய்ததா, சரிகை வெள்ளியா என்று சொல்லாது. கைத்தறிக்கு வேற முத்திரை, 2006 இல் வந்தது. இந்தியாவில 1985 ஆம் ஆண்டுச் சட்டப்படி சில சேலை வகைகள் கைத்தறிக்கு மட்டும் ஒதுக்கப்பட்டிருக்கு. இருந்தும் விசைத்தறிச் சேலை காஞ்சிபுரம் என்ற பேரில விலைப்படுது. பிறகு இந்த 'ஆர்ட் சில்க்'. கலைப்பீடத்தில படிக்கிற நான் சொல்லுறன், அதில இருக்கிற 'ஆர்ட்' கலை இல்லை, ஆர்டிஃபிஷியல். இது தெரியாமல் பேரம் பேசுறதில, ஏமாறுறது நாங்கள் மட்டுமில்லை. மாசக்கணக்கில தறியில குந்தியிருக்கிற மனுசனுக்குப் போகவேண்டிய காசும் வேறயாற்றையோ பொக்கற்றுக்குப் போகுது.

காசு எண்டதும் ஒன்று. 2022 இல் டொலர் ஏறத்தாழ 200 ரூபாயில இருந்து 360 வரைக்கும் ஏறினது. வெளிநாட்டில அண்ணன் இருக்கிற வீட்டுக்கு அதால பெரிசா ஒன்றுமில்லை. சம்பளம் இங்க, சாறி விலை அங்க எண்டு இருக்கிற வீட்டுக்காரர்தான் நகையை அடகு வைச்சினம். அடகு வைச்ச நகையும் பொம்பிளைக்கெண்டு சேர்த்ததுதான், அதையும் கவனியுங்கோ. கலியாணத்தோட இது நிக்குதே? சாமத்தியவீட்டுக்குப் பன்ரெண்டு வயதுப் பிள்ளைக்குக் கிலோக்கணக்கில லெஹெங்கா போட்டு, வீடியோக்காரன் 'திரும்பு, சிரி' எண்ண அவள் தூக்கமுடியாமல் தூக்கிக்கொண்டு திரும்புறாள். அவளிட்ட ஆர் கலர் கேட்டது?

"வாழ்க்கையில ஒருநாள்தானே" எண்டது இதுக்கெல்லாம் சொல்லுற பதில். ஆலியா பட் 2022 ஏப்ரலில கலியாணத்துக்கு உடுத்த அதே சேலையோட 2023 ஒக்ரோபரில தேசிய விருது வாங்கப் போனா. அவவுக்கு வேற சேலை வாங்கக் காசில்லை எண்டு ஆரும் நினைக்கேல்ல. எங்கட ஊரில அதே கூறையை அடுத்த வருசம் தங்கச்சியின்ர கலியாணத்துக்கு உடுத்தால், "வேற இல்லையோ பிள்ளை?"

தீபாவளிக்கும் கோயில் திருவிழாவுக்கும் உடுக்க இந்தியாதான் வேணும் எண்டில்லை. மருதமுனையில கைத்தறிச் சேலை நெய்யினம், காலங்காலமா. பருத்தி, இந்த வெயிலுக்கு ஏற்றது. அம்மான்ர தலைமுறைக்கு அந்தப் பேர் தெரியும். போன வருசம் எங்கட பீடத்து வாணிவிழாவுக்கு நாங்கள் ஆறுபேர் எடுத்தம், விலையைப் பாத்து முதலில நம்பேல்ல. கடைக்காரர் எங்களிட்ட நிறமும் கேட்டார், எங்களிட்டத்தான் கேட்டார்.