யார் கணக்கில் எழுதுகிறார்கள் நம் பிள்ளைகள்?

ஆறாம் வகுப்புக் குழந்தைக்கு வயது பதினொன்று. தனக்கென்று கூகுள் கணக்கு தொடங்க நம் நாட்டில் 13 வயது ஆகியிருக்க வேண்டும். அப்படியிருக்க, நடுநிலைப் பள்ளியின் உயர் தொழில்நுட்ப ஆய்வகத்தில் ‘ஐந்து பேர் சேர்ந்து ஒரே கட்டுரையை கூகுள் டாக்ஸில் எழுதுங்கள்’ என்றால் அந்த ஐவரும் யார் கணக்கில் நுழைவார்கள்? ஒரு பிள்ளை அம்மாவின் கணக்கில் நுழையும். இன்னொன்று பிறந்த ஆண்டை மாற்றிப் போட்டுக் கணக்கு திறக்கும். மீதிப் பேருக்கு, ‘யார் வேண்டுமானாலும் திருத்தலாம்’ என்று திறந்துவிட்டு ஆசிரியர் வாட்ஸ்அப் குழுவில் போட்ட இணைப்புதான் வழி.

இந்த மூன்றாவது வழிதான் எளிது. அதனால்தான் அது அச்சம் தருகிறது. கணக்கில்லாமல் நுழைபவரை அந்த மென்பொருள் ஏதோ ஒரு விலங்கின் பெயரில்தான் காட்டும். ஒரு பத்தி அழிந்துபோனால், ஒரு மாணவியின் பெயரோடு வசைச்சொல் ஒன்று சேர்ந்து நின்றால், செய்தது யார்? பழைய திருத்தங்களைத் திறந்து பார்த்தாலும் பெயரிலி என்றே இருக்கும். வகுப்புத் தோழனா, இணைப்பு கைமாறிக் கிடைத்த வெளியாளா என்பதுகூடத் தெரியாது.

கைபேசிக்குத் தடையுள்ள அமெரிக்கப் பள்ளிகளில் மாணவர்கள் இதே ஆவணங்களை அரட்டை அறைகளாக்கிக்கொண்டதை 2019-லேயே அந்நாட்டுப் பத்திரிகைகள் எழுதின. ஆசிரியர் அருகில் வந்தால் எல்லாவற்றையும் அழித்துவிடலாம். பாடம் எழுதுவதுபோலவே இருக்கும். நம் பிள்ளைகளுக்கு மட்டும் இந்த வித்தை பிடிபடாதா என்ன?

பள்ளியே கணக்கு தந்தாலும் கவனம் வேண்டும். டென்மார்க்கின் ஹெல்சிங்கர் நகரில், பெற்றோருக்குத் தெரியாமல் பள்ளி வழியே உருவான கணக்கால் ஒரு சிறுவனின் பெயர் யூடியூபில் தெரிந்தது. தந்தை புகார் செய்தார். விசாரணை நீண்டு, 2022 ஜூலையில் அந்த நகராட்சிப் பள்ளிகளில் கூகுளின் கல்விச் சேவைகளுக்கே தரவுப் பாதுகாப்பு ஆணையம் தடை போட்டது. தடை பிறகு நிறுத்திவைக்கப்பட்டது. ஆனால் 2024 ஜனவரியில் 53 நகராட்சிகளுக்கு உத்தரவு போனது: சட்ட அடிப்படை இல்லாத நோக்கங்களுக்காக மாணவர் தரவைக் கூகுளுக்குத் தரக் கூடாது.

இங்கே 2023-இல் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 18 வயதுக்குக் கீழ் எல்லோரும் குழந்தைகள், பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும் என்கிறது அது. விதிகள் 2025 நவம்பரில்தான் வெளியாயின. கல்வி நிலையங்களுக்குச் சில தளர்வுகளும் உண்டு. முழுதாக அமலுக்கு வர 2027 ஆகும். அதுவரை கேட்பார் இல்லை என்று பள்ளிகள் இருந்துவிடக் கூடாது.

சேர்ந்து எழுதுவது நல்ல பயிற்சி. அதில் நமக்கு மறுப்பில்லை. பள்ளிக்கல்வித் துறை செய்ய வேண்டியது கடினமானதும் அல்ல. மாணவருக்குத் துறையே கணக்கு தரட்டும். வெளியாருடன் பகிரும் வசதியை அதில் முடக்கட்டும். சேர்ந்து எழுத உதவும் ஈதர்பேட் போன்ற திறமூல மென்பொருளைத் தன் சொந்தச் சர்வரிலேயே நிறுவலாம். என்ன சேமிக்கப்படுகிறது, யார் பார்ப்பார்கள், எப்போது அழியும் என்பதைப் பெற்றோருக்குத் தமிழில் ஒரு பக்கத்தில் எழுதிக் கையொப்பம் வாங்க வேண்டும்.

இவை நடக்கும்வரை குழுக் கட்டுரை தாளிலேயே நடக்கட்டும். ஆய்வக நேரத்தில் தமிழ்99 விசைப்பலகையைப் பழக்கலாம். எழுத்தைத் தேடித் தேடித் தட்டியே பாடவேளை முடிந்துவிடும் பிள்ளைகளுக்கு இப்போது அதுதான் முதல் தேவை.